உதிரிபாகப் பட்டியல்

சோப்பு டப்பாவுக்குள் கச்சிதமாக அடங்கிவிட்டது கணினி.
மூடியில் இன்னும் சந்தன வாசனை.
நாகலூருக்கு மேலே, காப்பித் தோட்டத்து எல்லையில்
சில்வர் ஓக் மரமொன்றில் கட்டிவிட்டு இறங்கினேன்.

வரைபடம் எல்லோருக்கும் திறந்தது.
எந்த ஊர்க்காரர் வரைந்தாரோ,
ஓரத்தில் இரண்டெழுத்து மட்டும் விட்டுப்போயிருக்கிறார்.
அவர் கோடுகளை அம்மாப்பேட்டை மாடி அறையில் விரித்து
ஒவ்வொரு மில்லி ஆம்பியராகப் பிடுங்கினேன்.
முதலில் போனது அந்தச் சிவப்பு விளக்கு.
உயிரோடிருக்கிறேன் என்று சொல்வதற்கே
இரண்டு மில்லி தின்றுகொண்டிருந்தது.
சால்டரிங் முனை தொட்டதும்
கடுகுபோலத் துள்ளித் தரையில் விழுந்தது.
இன்னும் கிடைக்கவில்லை.

கால் மணிக்கு ஒருமுறை விழிக்கும்.
நான்கே நொடி.
மழை எவ்வளவு, மண்ணில் ஈரம் எவ்வளவு,
பேட்டரியில் மிச்சம் எவ்வளவு.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் கீழே
மூன்று எண்களை எறிந்துவிட்டு மறுபடி தூக்கம்.

ஆடியில் மலையே காணாமல் போனது.
சூரியத் தகடு முழுக்க நீர்முத்து, சிலந்தி நூல்.
ஐந்தாம் நாள் செத்துவிடும் என்று கணக்குப் போட்டு
தேதிகூடக் குறித்துவைத்தேன்.

சாகவில்லை.

வரைகோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
காலை ஏழு பத்துக்கு
மின்னழுத்தத்தில் அரிசி உயரத்துக்கு ஒரு படி.
தினமும்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.
ஞாயிறுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?
யாரோ துடைக்கிறார்கள்.

பிறகொரு செவ்வாய், படி இல்லை.
புதனும் இல்லை.
'பேட்டரி பரிசோதனை' என்று விடுப்புத் தாளில் எழுதிவிட்டு
வியாழன் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

மரத்தடியில் ஒருத்தி,
கொங்காணிச் சாக்கின் நுனியால் தகட்டைத் தேய்த்துக்கொண்டு.
பெயர் பெருமாயி.
கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க
ரெண்டு நாள் சேலம் போயிருந்தாளாம்.
"கண்ணாடிய யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க.
இதுல மூஞ்சி பாத்துத்தான் சாக்கக் கட்டுவேன்.
கறுப்பாத் தெரியுது, ஆனா பரவால்ல."
உங்களுதா என்று கேட்டாள்.
ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும்.
மழை பிடித்துக்கொண்டது.
அவள் மிளகுக்கொடிகளுக்குள் போய்விட்டாள்.

அன்றிரவு உதிரிபாகப் பட்டியலில்
முப்பத்தேழாவது வரி சேர்த்தேன்:
சாக்குத் துணி, ஒன்று.
குறிப்பு: ஞாயிறு இயங்காது. மாரியம்மன் பண்டிகைக்கும்.

எத்தனை சதவீதம் பிழை தாங்கும் என்ற கட்டம்
காலியாக இருக்கிறது.
தெரிந்தவர்கள் நிரப்பட்டும்.