வெறும் பட்டன்

பின்கதவில் எஸ்.ஆர். பைவ் எண்டு
சிவப்பும் செம்மஞ்சளுமாய் ஒட்டியிருந்தது.
மல்லாவியில், பாலைமரத்துக்குக் கீழே,
பின்பக்கம் றோட்டைப் பார்க்க
நிப்பாட்டி வைச்சிருந்தா தயாபரி அக்கா.
விக்கிறவைக்குத் தெரியும் எதை முதலில் காட்டவேணுமெண்டு.

நான் குழாய்க்கிணறு அடிக்கிறவன்.
மேலே புல் பச்சையெண்டாலும்
கீழே என்ன கல்லெண்டு பார்த்துத்தான் விலை பேசுவன்.
ஏறி இருந்தன்.

ஆர்.பி.எம். மீற்றர் இருக்கவேண்டிய வட்டத்தில்
ஒரு மணிக்கூடு. அதுவும் நாலு இருபதில் நிண்டது.
ஏ.சி. இல்லை, காற்று வாற வாய் மட்டும் இருந்தது.
கண்ணாடி இறக்கக் கைபிடி.
ஸ்ரேறிங், சேற்றில் நிக்கிற எருமையின்ர கழுத்து.

"இது எஸ்.ஆர். பைவ் இல்லை அக்கா, டி.எக்ஸ்.
எஞ்சினும் நாலு சில்லும்தான் கம்பனி குடுத்தது."

"ஸ்ரிக்கர் வவுனியாவில நானூற்றைம்பது,"
எண்டா, ஒரு கூச்சமும் இல்லாமல்.
"டி.எக்ஸ். எண்டு எழுதியிருந்தா
நீர் பரந்தனில இருந்து பஸ் ஏறி வந்திருப்பீரோ?"

இடப்பக்கக் கதவு மட்டும் உயர்ந்த ரகம்.
பவர் விண்டோ கதவு.
உள்ளே மூண்டு வயர், கறுப்பு ரேப் சுற்றி,
பொருந்த இடமில்லாமல் தொங்கினது.
எங்க எடுத்தனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை.
கதவுகள் எங்கே குவிஞ்சு கிடந்ததெண்டு
இரண்டு பேருக்கும் தெரியும்.
விரலால் தட்டிப் பார்த்தன்:
பட்டி, பட்டி, தகரம், பட்டி.

பிறகுதான் கண்டன்,
ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில் மூண்டு பட்டன்.
பட்டன் இல்லை, பட்டன் வராத இடத்தை அடைக்கிற மூடி.
காசு கூடக் கட்டினவனுக்கு அதில்
பொக் லைற் இருக்கும், பின்கண்ணாடிச் சூடு இருக்கும்.
இரண்டில் யப்பான்காரன் போட்ட சொரசொரப்பு அப்படியே.
நடுவில் உள்ளது தேய்ஞ்சு, மினுங்கி,
ஒரு பெருவிரலுக்கு அளவாய்க் குழிஞ்சு.

"இது என்னத்துக்கு?"
"ஒண்டுக்குமில்லை."
"ஒண்டுக்குமில்லாததை ஆர் இவ்வளவு அமத்தினது?"

"ஓமந்தையில வரிசை நிக்கேக்க,"
எண்டா, றோட்டைப் பார்த்தபடி.
"கச்சான் மூடையை இறக்கு எண்டுவாங்கள்.
கம்பியால குத்துவாங்கள். திருப்பி ஏத்து எண்டுவாங்கள்.
சிலநாள் ஆறு மணித்தியாலம்.
ஹோர்ன் அடிக்கேலாது. வாய் திறக்கேலாது.
இதை அமத்தினா கொஞ்சம் உள்ள போகும், வெளிய வரும்."

விலை பேசினம்.
பட்டிக்கு இருபதாயிரம் குறைச்சன், மணிக்கூட்டுக்கு ஐயாயிரம்.
ஸ்ரிக்கர் காசை அவ விடேல்லை.
எண்ணி வாங்கி, புத்தகத்தைக் கையில் தந்து,
பிறகு தேத்தண்ணிக் கரண்டிக் காம்பால் நெம்பி
நடுப் பட்டனைக் கழற்றிக் கைப்பையில் போட்டா.
"உமக்குத் தேவைப்படாது."

மாங்குளம் தாண்ட, அந்த ஓட்டையால்
எஞ்சின் சூடு முழங்காலில் அடிச்சது.
பேப்பர் சுருட்டி அடைச்சன். விழுந்தது.

கிளிநொச்சியில் சாமான் கடைப் பெடியன் கேட்டான்,
"எந்தப் பட்டன் அண்ணை, ஏ.சி.யோ பொக் லைற்றோ?"
"ஒண்டுக்குமில்லாதது."
அவன் சிரிக்கேல்லை. புத்தகத்தைப் புரட்டினான்.
அதுக்கும் நம்பர் இருந்தது, பத்து இலக்கத்தில்.
ஸ்ரொக் இல்லையாம்,
கொழும்புக்குச் சொல்லி எடுக்கலாமாம்,
முற்காசு கட்டவேணுமாம்.

கட்டினன்.