மூன்று ஸ்டிக்கர்கள்

நான் எதையும் தொடக்கூடாது.
கோட்டுக்கு இப்பால் நின்று
லேசர் புள்ளியால் சுட்டலாம்:
அந்த உறை, அந்த அளவு.
கம்பெனி ஆள். திபிலிசியிலிருந்து
ரிகோட்டி கணவாய்ப் பனியில் இருட்டோடு ஓட்டிவந்தேன்
இந்தப் பெட்டியை:
திருகாணிகள், நூல் கோத்த பொத்தான்கள்.

மேஜையில் நுட்சா. ஜூடோ, அறுபத்துமூன்று கிலோ பிரிவு.
முதுகில் ஊசி போட்டதால் விழித்தே இருக்கிறாள்,
இடுப்புக்குக் கீழே யாரோ ஒருத்தியாக.
திரையில் தன் முழங்காலைப் பார்த்து
"உள்ளே கடலா?" என்கிறாள்.
"அறுந்த கயிறு" என்கிறார் டாக்டர் சியாலா.

சின்ன மேஜையில்
அவள் தொடையிலிருந்தே எடுத்த தசைநாண்,
நான்காய் மடித்து, நுனி தைத்து,
வில்லில்லாத நாணாக
விறைத்துக் கிடக்கிறது ஈரத்துணிக்கு அடியில்.
"ஒன்பது" என்கிறார்.
ஒன்பதைச் சுட்டுகிறேன்.

பொத்தான் நெடுக்காகப் போகும் எலும்பின் துளையில்.
வெளியே வந்ததும்
தாழ்ப்பாள் போலக் குறுக்கே படுக்கவேண்டும்.
படுத்ததா என்று கண் சொல்லாது, கைதான் சொல்லும்.
டாக்டர் இழுத்தார்.
நின்றது.
நின்றதுபோல் இருந்தது.

நூற்றுக்கணக்கில் பார்த்தவள் நான்.
எலும்பில் நின்றால் இழுப்பு அங்கேயே செத்துவிடும்.
இது சாகவில்லை. மெத்தென்று
ஒரு மயிரிழை பின்வாங்கியது.
விற்க வந்தவள் வாய் திறக்கலாமா?

இரண்டு மூச்சு யோசித்தேன்.
அதற்குள் நுட்சா,
காலையே உணராதவள், திரையைப் பார்த்தபடி:
"அது பிடியே இல்லை.
சட்டை ஓரத்தைப் பிடித்த பிடி.
உதறினால் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை.
எக்ஸ்ரேயை உருட்டி வந்தார்கள்.
பொத்தானுக்கும் எலும்புக்கும் நடுவே
தீக்குச்சி கனத்தில் சதை.

மறுபடி கீழே. மறுபடி மேலே.
இம்முறை டாக்டரின் தோளில் தெரிந்தது எனக்கு.
மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி
ஏர்த்தி, ஓரி, சாமி என்று
நர்ஸ் மக்வாலா இருபதுவரை எண்ணினாள்.
பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடித்து,
நூலை இழுத்துப் பிடித்து,
கணுக்காலெலும்பின் துளையில்
என் திருகாணி, சுற்றுச் சுற்றாக.

ஸ்டிக்கர்களை உரித்தேன்.
ஒன்று கோப்புக்கு. ஒன்று பில்லுக்கு.
மூன்றாவதை ஒட்டிய அட்டையை
வார்டில் அவள் கையில் கொடுத்தபோது கேட்டாள்:
"எத்தனை நாள் தாங்கும்?"
"எலும்பு வந்து பிடிக்கும்வரை.
அதுவரை எகிறாதே."

சரி என்று சொல்லவில்லை.
என் சட்டைக் கையைப் பிடித்தாள்,
துணியைச் சுருட்டி உள்ளங்கையில் திணித்து.
இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

கணவாய் தாண்டியும்
ஸ்டியரிங்மேல்
அந்தக் கசங்கல் அப்படியே இருந்தது.