ஐந்நூறு பொய் வானங்கள்

வேதாளையில் இரவு இரண்டு மணி.
ஆண் கடலில் கச்சான் இன்னும் ஓயவில்லை.
மடிக்கணினி விசைகளில் உப்புப் பிசுக்கு.
இங்கே காற்றில் பாதி தண்ணீர்.
இந்தக் கரையில் தொலைநோக்கி நட்டால்
காற்றின் சூட்டைத்தான் அளக்கலாம்.
அதனால் கண்ணை அட்டகாமாவில் வைத்திருக்கிறோம்,
மழைக்கு வழி தெரியாத மேட்டில்.
டவர் கிடைக்கிற நேரம்
எண்கள் மட்டும் வேதாளைக்கு வருகின்றன.

ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டு நடந்த ஒளி.
வழியில், யார் கண்ணிலும் படாத பாரங்கள்
அதை இம்மி இம்மியாய் ஒதுக்கிவிட்டிருக்கின்றன.
நிலவைப் பன்னிரண்டு கீற்றாய் அரிந்தால்
அதில் ஒரு கீற்று அகலம்.

மத்தியானம் நம்புசெல்வி மதினி
விரலில் துணி சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"கண்ணாடிப் பட்டை அந்து போச்சு.
வெறுங்கண்ணுல குனிஞ்சா
பாசி ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.
பாறைதான் கிழிக்குது."

அவளுக்குப் பாசி வேண்டும், தண்ணீர் குறுக்கே நிற்கிறது.
எனக்கோ தண்ணீரின் நெளிவு போதும்.
பாசி உண்மையில் எங்கே இருந்தது என்று
எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பால்வெளித் தூசு மறைக்கும் இடங்களைக்
கத்தரித்து எறிந்தோம்.
கத்தரித்த விளிம்பே லென்ஸ் மாதிரி நடிக்கும்.
அதற்காக ஐந்நூறு பொய் வானங்கள் செய்து,
அதே கத்தரியால் வெட்டி,
எல்லாம் கூடிச் சொல்லும் பொய்யை
மெய்யிலிருந்து கழிக்கிறோம்.
பிறகு ஒரு சோதனை:
ஈர்ப்பு ஒளியைத் தள்ளும், சுழற்றாது.
சுழல் உண்டா என்று கேட்டால் பூஜ்ஜியம் வரவேண்டும்.

மூன்று வாரமாக வரவில்லை.

இரண்டேகாலுக்குக் கண்டேன்.
ஒளியின் அதிர்வுத் திசையை
வரைபடம் செய்தவர்கள் வலமாக எண்ணியிருக்கிறார்கள்,
நான் இடமாக.
ஒரு கழித்தல் குறி.
போட்டேன்.
கரண்ட் போனது.
கணக்கு ஓடுவது எங்கோ தூரத்துக் கணினியில்;
இங்கே நின்றது மின்விசிறி மட்டும்.
கொசுவுக்குக் கையை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடியலில் காற்று அமர்ந்தது.
சுழல்: பூஜ்ஜியம், பிழைக்கோட்டுக்குள்.

மதினி கண்ணாடியில்
சைக்கிள் டியூப் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
"ராத்திரியெல்லாம் முழிச்சியே, என்ன வந்துச்சு?"
"ஒண்ணும் வரல மதினி."
"அதுக்கா சிரிக்கிற?"

படகு எஞ்சின் கூப்பிட்டது.
டியூபை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப்
போனாள்.