மூன்று மணிக்கு முன்

யோனேஸாவாவில் பிப்ரவரி என்றால்
வங்கி வாசலில் பூட்ஸ் தட்டும் ஓசை.
பனியை உதறிவிட்டு எண் சீட்டு எடுத்தபின்
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

நான் மூன்றாம் கவுன்ட்டர்.
இந்த மாதம் முழுக்கக் கண்ணாடிக்கு அடியில்
நழுவி வருவது சேர்க்கைக் கட்டணம்.
சேர்ந்தாலும் சேராவிட்டாலும் திரும்பாத பணம்.
கடைசி நாளில் மூன்று மணி தாண்டினால்
இடம் அடுத்த பிள்ளைக்கு.

நாற்பத்தேழாம் எண்: நொஸுயே குனிகோ,
பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை,
விரல்களில் இன்னும் வெங்காயம்.
கூடவே மகள் சினாமி,
அக்காவின் பூட்ஸில்; நடந்தால் குதிகால்
ஒரு கணம் பிந்தி வருகிறது.

இரண்டு படிவங்கள். ஒரே உறை.
உள்ளே இரண்டு லட்சத்து எண்பதாயிரம் யென்,
ஒன்றுக்கு மட்டும் காணும்.

மேலே இருந்தது தோக்கியோ.
பெயரைச் சொன்னால்
டாக்ஸிக்காரர்கூட நிமிர்ந்து உட்காருவார்.
வணிகவியல். கேட்ட துறை அல்ல, கிடைத்த துறை.
கீழே ஹொக்கைடோவில் ஒரு கல்லூரி.
பசுவின் குளம்பை மட்டுமே
ஒரு பருவம் முழுக்கப் படிக்கலாமாம்.
பெயரைச் சொன்னால் "எங்கே?" என்பார்கள்.
விளக்கிச் சொன்ன பிறகும்
"எங்கே?" என்பார்கள்.

"ஆகஸ்டில் போனேனே," என்றாள் மகள் தணிந்த குரலில்,
"ஒரு மாடு என் சட்டைக்கையில் தும்மியது.
வாத்தியார் மன்னிப்புக் கேட்கவில்லை,
என்ன வாசனை என்று கேட்டார்.
அங்கே இருந்த அன்று முழுக்க
நான் கடிகாரம் பார்க்கவில்லை, அம்மா."

"தோக்கியோவிலும் ஏதாவது பிடித்துப்போகும்.
பெயர் இல்லாதவள்
ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து தொடங்கணும்.
நான் தொடங்கியிருக்கிறேன், பதினோரு வாசலில்."

இருவர் சொன்னதும் சரி.
அதுதான் கஷ்டம்.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

அந்தப் பெயர் என்னிடமும் இருக்கிறது,
சுவரில் இல்லை,
குளிர்கால டயர் ரசீதுகளுக்கு அடியில்.
பொய் சொல்லக் கூடாது: கதவைத் திறந்தது அதுதான்.
உள்ளே என்ன என்று அது சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
நான்கு வருடத்தில் நினைவிருப்பது
முந்நூறு பேர் அரங்கில் என் இருக்கை எண்,
உணவகத்துக் கறிச்சோற்றின் விலை.
பெயரைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தால்
அடியில் அவ்வளவுதான்.

எங்கள் மேஜையில் ஓர் அட்டை உண்டு.
தொலைபேசி மோசடிக்குப் பயந்து
வயதானவர்களிடம் மட்டும் வாசிக்க வேண்டியது.
குனிகோ அம்மாவுக்கு ஐம்பதுகூட இராது.
ஏன் வாசித்தேன் என்று மேலாளர் கேட்டால்
பதில் இல்லை.

"இந்தப் பணம் யாருக்காக அனுப்புகிறீர்கள்?"

"மகளுக்கு," என்றார்.
பிறகு மேல் படிவத்தைப் பார்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

"யாராவது உங்களை அவசரப்படுத்தினார்களா?"

சிரித்துவிட்டார். கண்ணாடியில் ஆவி படிந்தது.
"ஆமாம். மூத்தாரின் மனைவி, எதிர்வீட்டு நகானே,
டியூஷன் சென்டரின் சுவரொட்டி,
அப்புறம் நான்."

எனக்குப் பின்னால் கதவிறக்கும் பையன்
சாவியைக் குலுக்கினான்.

எந்தப் படிவத்தில் முத்திரை குத்தினேன் என்பதை
வெளியே சொல்ல விதியில் இடமில்லை.
வாடிக்கையாளர் விவரம்.

குத்தாத படிவத்தை
சினாமி கேட்டு வாங்கிக்கொண்டாள்.
பெஞ்சில் உட்கார்ந்து நாலாக மடித்தாள்,
இன்னும் ஒரு மடிப்பு.
இடது பூட்ஸைக் கழற்றி
குதிகால் பக்கம் செருகி,
காலை நுழைத்து, எழுந்து,

வாசல்வரை நடந்து பார்த்தாள்.