தட்டச்சில் விட்ட இடம்

ஓக்ஹாம்ப்டன் நீதிமன்றம். எழுபத்து நான்கு, நவம்பர்.
ரெடிங்கிலிருந்து வந்து ஒன்பது நாளான எழுத்தன் நான்.
கூண்டில் வில்மட் எண்டகாட்.
லாரி ஏறிச் செத்தவை அவளுடைய பதினோரு ஆடுகள்.

“அன்றிரவு நான் மேஸ்டாக இருந்தேன்” என்றாள்.
என் விரல் நின்றது.

“குழம்பிப் போயிருந்தீர்கள், அப்படித்தானே?”
லாரிக்காரரின் வக்கீல் எழுந்த வேகத்தில்
பேனா மூடி உருண்டு என் காலடிக்கு வந்தது.

யோசித்தாள். அறையெங்கும் ஈரக் கம்பளி வாடை.
“மூளையில் நீர்க்கட்டி வந்த ஆடு
ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். அது மேஸ்டு.
அடுப்பில் பாத்திரம் தீய்ந்தால்
என் தங்கை போடும் கூச்சல் இருக்கிறதே, அதுவும்.
என் புருஷன், கல்யாணத்துக்கு முன்னால்,
ஒரு வருஷம் சந்தைதோறும் வந்து
வாங்காத வெண்ணெய்க்கு விலை கேட்டு நின்றான்.
அதற்கும் இதே சொல்தான் ஐயா, வேறு கிடையாது.”

யாரோ சிரித்தார்கள்.
நான் எதையும் தட்டவில்லை.
மயக்கம் என்றால் வெண்ணெய்க்காரனுக்குச் சரி,
தங்கைக்கு ஒட்டாது.
திகைப்பு ஒரு நொடிச் சமாசாரம்,
அந்த ஆடோ சாகும்வரை சுற்றுகிறது.

“காவலர் வந்தபோது உங்கள் கோட்டை
உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தீர்கள்.”
“ஆமாம். மூடுபனியில்
சொந்த வயலுக்குள்ளேயே கதவு காணாமல் போகும்.
கோட்டைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும்.”
“கிடைத்ததா?”
“கிடைத்தது. திறந்து கிடந்தது.”

வக்கீல் நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்தார்,
கலங்கிய குட்டையில் முகம் பார்க்கச் சொல்கிறார்களே
என்பதுபோல்.

அப்போதுதான் அவள்,
குரல் உயராமல், கம்பியைப் பிடித்தபடி:
“வானம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.
லாரியில் விளக்கு எரியவில்லை என்று தெரியும்.”

நீதிபதி என் பக்கம் திரும்பினார்.
“குழப்பம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.”
இடைவெளிக் கட்டையை ஐந்து முறை தட்டினேன்.
வெற்றிடத்தோடு தாள் கையெழுத்துக்குப் போயிற்று,
வழக்கு டிசம்பருக்கு.

நாலரை மணிக்கு வெளியே வந்தால்
தேவாலயக் கோபுரம் இல்லை, எதிர்க்கடை இல்லை,
நான் நிறுத்திய காரும் இல்லை.
சுவரைத் தடவித் தடவி இரண்டு முறை சுற்றினேன்,
இரண்டு முறையும் ஒரே பக்கமாக.

ஒரு கையைச் சட்டென்று
கோட்டிலிருந்து உருவினேன்.
யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.