பதினெட்டு சதவீதம்

பட்டாபிராம் கேட் மூடிக் கிடந்தபோதுதான் சொன்னார்,
"குறைச்சிட்டாங்க."
எவ்வளவு என்று நான் கேட்டதை
சரக்கு ரயிலின் நாற்பது பெட்டிகள் தின்றன.

முப்பது இருந்தது. இப்போது பதினெட்டு.
மெடிக்கல் போர்டில் மூன்று டாக்டர்கள்.
ஒருவன் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினானாம்.
இடது கையை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி
"இம்ப்ரூவ்மென்ட் இருக்கு அங்கிள்" என்றானாம்.
வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மோதிர விரல் அதே ஒரு கணுவோடு நிற்கிறது.
சுண்டு விரலுக்கு அதுவும் இல்லை.
இருபதுக்குக் கீழே போனால் ஊனம் இல்லையாம்.
வெறும் கை.

நான் கணக்கு எழுதுகிறவள்.
என் நோட்டில் லடாக் ஒரு வரவு:
உயரப்படி, குளிர்ப்படி, பிரிவுப்படி.
படி என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்,
ஏற்றிவிட்டவர்களே இறங்கச் சொல்லவும்
தோதான வார்த்தை.

பாலிகிளினிக்கில் இந்த வாரம் பிரஷர் மாத்திரை இருக்கிறது,
சர்க்கரை மாத்திரை இல்லை.
போன வாரம் சர்க்கரை இருந்தது.
கேன்டீனில் சோப்புக்கு மூன்று ரூபாய் மிச்சம்,
ஆவடிக்கு ஆட்டோ எண்பது.
எதிர்வீட்டுத் தணிகாசலம் மட்டும் மாறவில்லை:
"சார், இந்த மாசக் கோட்டா வந்திருச்சா?"
அவருடைய நாட்டுப்பற்று
முக்கால் லிட்டர் பாட்டிலில் அடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகன் ஃபெலிக்ஸ் கூப்பிட்டான்.
கனடா ராணுவத்தில் கார்ப்பொரல்,
எட்மண்டனில் பனியைத் தள்ளிக்கொண்டே பேசினான்.
"குளிர் அப்படியேதான் இருக்கு அத்தை,
வீட்டுக்குக் கொடுத்த பணம்தான் குறைஞ்சிருச்சு."
சம்பளத்தில் பாதி வாடகைக்கு.
கூட இருக்கிறவன் ஒருத்தன் காரிலேயே தூங்குகிறானாம்.
இவர் போனை வாங்கிக்கொண்டார்.
அரை மணி நேரம்
இரண்டு நாட்டு ராணுவ ரகசியங்கள்
என் அடுப்படியில் கைமாறின:
கையில் எவ்வளவு வருது,
எதுக்கெல்லாம் பிடிக்கிறாங்க.

இரவில் முகப்பேரில் செக்யூரிட்டி வேலை.
கம்பெனி கொடுத்த சட்டையில்
தோளுக்கு இரண்டு நட்சத்திரம்,
இருபத்திரண்டு வருஷத்தில் ராணுவம் கொடுக்காதது.
ஆகஸ்ட் பதினைந்தில் அசோசியேஷன்காரர்கள்
ஹவில்தார் சவரிராயன் என்று மைக்கில் சொல்லி
சால்வை போர்த்தினார்கள்.
பிறகு நாற்காலிகளை எடுத்து வைக்கச் சொன்னார்கள்.
வைத்தார்,
சால்வையோடு, வரிசை பிசகாமல்.

அப்பீலுக்குச் சான்று வேண்டுமாம்.
டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
அத்தனை இன்லேண்டும் எனக்கு எதிரான சாட்சி:
நலம். நலம். இங்கே குளிர் ஒன்றும் அதிகமில்லை.
கறிச் சாப்பாடு போடுகிறார்கள்.
பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடு.
பொய் சொல்லியே
ஒரு கேஸைத் தோற்கடித்து வைத்திருக்கிறார் மனிதர்.

அடியில் ஒன்று, ஜனவரி மாதத்து முத்திரை.
அதிலும் நலம்தான்.
கவலைப்பட ஒன்றுமில்லை என்று
ஒரு வரி மட்டும் கூடுதல்.
ஆனால் எழுத்து நேராக நின்றது.
இவர் இடதுகைக்காரர்,
இவர் எழுத்து எப்போதும்
எதிர்க்காற்றில் நடப்பதுபோல் சாய்ந்திருக்கும்.

வேறு யாரோ எழுதிய கடிதம்.
வந்த அன்றே எனக்குத் தெரியும்.
கேட்கவில்லை. மூன்று நாள்
அரிசி களையும் தண்ணீரில் கை வைத்தால்
விறைத்தது.

"இதை வைக்கலாமா?" என்றேன்.
கண்ணாடியைத் தேடுவதாகப் பாவனை செய்தார்.
"யாரு எழுதினது?"
"பக்கத்துக் கட்டில் பையன். சேலத்துக்காரன்."
அதற்குமேல் அவனைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைய செலவு:
கேட்டருகே ஜெராக்ஸ், இரண்டு பக்கம்,
நான்கு ரூபாய்.