இருப்புக் கணக்கு

ஹராரேயிலிருந்து வந்த படிவத்தில்
ஆறு கட்டங்கள்:
வகுப்பு, எண், எடை, செம்பு, பித்தளை, நிலை.
நிலைக்குத்தான் இருப்பதில் சின்னக் கட்டம்.
ஓடும், ஓடாது,
இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

புலவாயோ கொட்டகையின் பின்பக்கம்
காய்ந்த புல் இடுப்பளவு.
அக்டோபர் வெயில் பத்து மணிக்கே
தகரத்தைத் தட்டிப் பார்க்கிறது.
நான் சிகானிசிவே, பண்டகசாலைக் குமாஸ்தா.
கையில் ஒரு அட்டை, ஒரு சாக்கட்டி,
பாம்புக்கென்று ஒரு கம்பு.

பதினான்கு ஏ: மூன்று.
ஒன்றின் புகைப்பெட்டியில் கோழி அடைகாக்கிறது.
யார் கோழி என்றால்
காவலாளி வானத்தைப் பார்க்கிறான்.

பதினாறு ஏ: இரண்டு.
விசில் இல்லை, எண்தகடு இல்லை,
பித்தளை என்று எழுத எதுவுமே இல்லை.
எனக்கு முன்பே யாரோ
ராத்திரியில் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

வகுப்பு என்ற சொல் எங்கள் வீட்டுக்குப்
பெட்டிகளின் மேல் ஏறித்தான் வந்தது.
வெள்ளைக்காரன் காலத்தில்
நான்காம் வகுப்புப் பலகையில்
மூட்டையோடு மூட்டையாகப் போனவள் என் அம்மா.
எஞ்சினில் பதினைந்தாம் வகுப்பு உண்டு என்று
யாரோ சொன்னபோது கேட்டாளாம்:
"எங்களுக்கும் கீழே
இன்னும் பதினொன்று இருக்கிறதா?"

இருபது: ஒன்று.
இருநூறு டன்னுக்கு மேல்.
முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின்,
நடுவே தொங்கும் கொதிகலன்,
இரண்டு பேர் தூக்கிப் போகும் ஸ்ட்ரெச்சர் போல.
தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்த்தேன்.
அடியில் ஜகரண்டாப் பூ,
போன வருஷத்தது.

பதினைந்து ஏ:
பதிவேட்டில் ஐந்து. தரையில் நான்கு.
மறுபடி எண்ணினேன், தொட்டுத் தொட்டு.
நான்குதான்.
ஸ்பேனர் தொலையலாம். ஒரு ஜோடி விளக்கு தொலையலாம்.
நூற்றெண்பது டன் எப்படித் தொலையும்?

ஃபோர்மன் மபேனா டீயை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"அதுவா? வேலைக்குப் போயிருக்கிறது."
எந்த ரயில்?
"ரயில் என்று யார் சொன்னது?"

தண்டவாளத்தோடு நடந்தேன்.
மாவு ஆலை தாண்டி, சைடிங் முடிகிற இடத்தில்
பிரசவ ஆஸ்பத்திரியின் பின்சுவர்.
சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு குழாய்,
கோணிச்சாக்கும் கம்பியும் சுற்றிய குழாய்.
அந்தப் பக்கம் சலவைக்கூடம்.
இந்தப் பக்கம் அது,
சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி,
அசையாமல்,
பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டு.

ஆஸ்பத்திரிக் கொதிகலன் விரிந்து ஏழு வாரமாம்.
ஹ்வாங்கே கரியை அள்ளிப் போட்டபடி
மெலூசி சொன்னான்.
காகிதம் எதுவும் கேட்காதீர்கள் என்றும் சொன்னான்.
அதற்குள் ஓட்டை வழியே ஒரு தலை,
சோப்பு நுரை ஒட்டிய காது:
"இன்னும் கொஞ்சம் விடு!"
குழம்புக்கு உப்புக் கேட்கிற குரல்.
அவன் திருகினான்.
சுவருக்கு அப்பால் எதுவோ சீறி
அடங்கியது.

கொடியில் விரிப்புகள்,
கரித்தூள் விழாத பக்கமாக.
எண்ணுகிற கை சும்மா இருக்காது:
நாற்பத்தொன்று. அதில் ஒன்றில்
எந்த நீராவிக்கும் போகாத கறை.

படிவத்தை முழங்காலில் வைத்தேன்.
ஓடுமா? சக்கரத்தடியில் கட்டை.
ஓடாதா? தொட்டுப் பார்த்த விரல்
இன்னும் எரிகிறது.
கொதிக்கிறது என்று எழுதினேன்.
கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி
ஓரத்து வெள்ளையில் போய் நின்றது.

மூன்றாவது வாரம் படிவம் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரு சுழி:
தெளிவாக நிரப்பவும்.

மறுபடி நடந்தேன்.
கம்பு எடுத்துப் போகவில்லை.
கொடியில் ஐம்பத்திரண்டு.